ஷாத்லியாவின் வியாழக்கிழமைப் பல் வைத்தியம்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷாத்லியா பல் வைத்தியரிடம் போவாள். மஹ்தியா என்ற ஊரில், கடலை ஒட்டிய அந்தத் தெருவில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இரண்டு வருஷமாகப் போகிறாள். எதிர்வீட்டு மப்ரூக்கா ஒருநாள் வாசற்படியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் ஷாத்லியா, மனுஷ வாயில முப்பத்திரண்டு பல்லுதானே? நீ போன போக்குக்கு ஒரு திமிங்கலத்துக்கே பல்லு கட்டி முடிச்சிருக்கலாம்."

"என் பல்லு அப்படி. வேரு ஆழம்" என்று சொல்லிவிட்டு ஷாத்லியா நடையைக் கட்டினாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். அந்த ஒரு பொய்க்காக ஒவ்வொரு வியாழனும் மதியம் லுஹர் தொழுதபின் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பாள். அடுத்த வியாழன் அதே பொய்யைத் திரும்பச் சொல்வாள்.

போனது மருத்துவமனைக்குத்தான், ஆனால் பல்லுக்கு அல்ல. அங்கே பின்பக்கத்து அறை ஒன்றில் ஏழெட்டுப் பேர் கூடிப் படம் வரைவார்கள். எல்லாருக்கும் ஒரே நோய். பார்க்கின்சன்.

ஷாத்லியாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஆறாவதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் மத்தி மீன் டப்பா அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். ஒரு மீன் தலை மேலே, அடுத்தது தலை கீழே என்று அவள் அடுக்கும் வேகத்தைப் பார்க்க மேற்பார்வையாளரே நின்றுவிடுவாராம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கைக்கு வேறு வேலையில் பெயர் கிடைத்தது. நபி பிறந்த நாளான மீலாதுக்கு முதல் நாள் எல்லா வீட்டிலும் கருப்பு பைன் விதையை அரைத்துக் கூழ் காய்ச்சி, கிண்ணங்களில் ஊற்றி, மேலே வெள்ளையாகப் பால் க்ரீம் பரப்பி, பருப்புகளால் கோலம் போல அலங்காரம் செய்வார்கள். மறுநாள் அந்தக் கிண்ணங்கள் வீடு வீடாகப் போகும், வேறு கிண்ணங்கள் வரும். ஷாத்லியா வீட்டுக் கிண்ணத்தில் எட்டுமுனை நட்சத்திரம் இருக்கும். பிஸ்தா ஒரு கோடு, பாதாம் ஒரு கோடு, முனைக்கு முனை ஒரு வெள்ளி மிட்டாய். கலைக்க மனசு வராமல் ராத்திரி வரைக்கும் சாப்பிடாமலே வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

நோய் வந்ததும் அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான். ஒரு வருஷம் க்ரீமில் வாசனைக்கு விடும் பூநீரை அவள் அளவுக்கு மேல் விட்டுவிட்டாள். எவ்வளவு விட்டும் வாசம் வரவில்லையே என்று இன்னும் விட்டாள். "என்ன லல்லா, கூழைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கீங்க" என்று, மூத்த பெண்களை லல்லா என்று மரியாதையாக அழைக்கும் அந்தத் தெருவே சிரித்தது. மூக்கு போனதை அவள் சளி என்று நினைத்தாள். பிறகு சட்டைப் பித்தான் மாட்ட நேரமானது. கையெழுத்து எறும்பு போலச் சுருங்கியது. ஒருநாள் தொழுகையில் அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்திருக்கும்போது தொடைமேல் வைத்த வலது கையின் கட்டைவிரல், மணியை உருட்டுவது போலத் தானாக உருண்டது. அவள் தஸ்பீஹ் மணிமாலை எதையும் பிடித்திருக்கவில்லை.

வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். வீட்டில் புருஷன் மொக்தாருக்கும் மகள் உல்ஃபாவுக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரியக்கூடாது என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். கை நடுங்கினால் ஜின் என்பார்கள், கண்ணேறு என்பார்கள், குடும்ப வியாதி என்பார்கள். கல்யாண வயசில் பெண் இருக்கும் வீடு. வெளியே போனால் ஷாத்லியா வலது கையில் ஒரு கூடையைப் பிடித்துக்கொள்வாள். கூடை இருந்தால் கை அடங்கும்.

வைத்தியர்தான் அந்தப் பின்னறைக்கும் அனுப்பினார். அங்கே படம் வரைய வைப்பவள் ரீம் என்ற பெண். முதல் நாள் ஷாத்லியா பென்சிலைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். ரீம் பென்சிலை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பு அடிக்கிற அகலத் தூரிகை ஒன்றைக் கையில் கொடுத்தாள். சுவர் முழுக்க ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.

"லல்லா, விரலால வரையாதீங்க. தோளால வரைங்க."

"கோணும் மகளே."

"கோணட்டும். ஊருக்கா காட்டப் போறோம்?"

தோளிலிருந்து ஒரு பெரிய வீச்சு. கோடு நடுங்கியது, ஆனால் நின்றுவிடவில்லை. இரண்டாவது வீச்சுக்கு ஷாத்லியா அறியாமலே வாய்க்குள், நபியை வாழ்த்தும் ஸலவாத்தை ஓதினாள். அந்த ஓசைக்குக் கை கட்டுப்பட்டது. ஒரு ஸலவாத்துக்கு ஒரு வீச்சு. தாள் நிறைந்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது கால் இழுக்காமல் நடந்தாள். நோய் குணமாகவில்லை. குணமாகாது என்று ரீம் முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் அன்றைக்கு உடம்பு தன்னுடையது போல இருந்தது. அதற்காகத்தான் வாராவாரம் பொய் சொன்னாள்.

அறையில் பெரிய வாய்க்காரர் தீஜானி. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது பஸ்ஸாகவே வரைவார். நோய் அவர் குரலைத் தின்றுவிட்டது. பேசினால் பக்கத்தில் காது வைக்க வேண்டும். ஆனாலும் விடமாட்டார்.

"உன் நட்சத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு ஷாத்லியா. என் பஸ்ஸு திரும்பணும்" என்பார்.

"உங்க பஸ்ஸுக்கு பிரேக் இருக்கா?"

"எனக்கே இல்ல. அதுக்கு எங்க போவேன்?"

அந்த வருஷம் மீலாதுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து மாத்திரை சரியாக வரவில்லை. அரசு மருந்தகத்தில் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். நாலு வேளை சாப்பிட வேண்டியவர்கள் மூன்றாக்கினார்கள். பிறகு மாத்திரையைப் பாதியாக உடைத்தார்கள். பாதி மாத்திரையில் மனிதனும் பாதிதான். தீஜானி ஒரு வியாழன் அறை வாசலிலேயே கால் ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். தரையில் ரீம் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, அதைத் தாண்டச் சொல்லித்தான் உள்ளே கொண்டுவந்தாள்.

அன்றைக்கே முடிவானது. மீலாதுக்கு முதல் நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு நகராட்சி முற்றத்தில் படங்களை மாட்டுவது. அன்று ஊரே வெளியில் இருக்கும், சுகாதார அதிகாரியும் வருவார். ஒருவர் எழுந்து மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

"நான் பேசினா கொசு பேசுதுன்னு நெனச்சு அடிச்சிடுவாங்க" என்றார் தீஜானி. "குரல் இருக்கிறது உனக்குத்தான்."

எல்லாரும் ஷாத்லியாவைப் பார்த்தார்கள். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்புறம் எங்க வேணாலும் பேசுறேன்."

"கல்யாணம் எப்போ?"

"வர்ற கோடைக்கு."

தீஜானி ஒன்றும் சொல்லவில்லை. தன் கைப்பையிலிருந்து பாதி மாத்திரையை எடுத்து, அது கீழே விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் வாய்க்குக் கொண்டுபோனார். அவர் பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பேசாமைதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

உல்ஃபாவை நிச்சயம் செய்திருந்தது நிஸார் என்ற மின்வேலைக்காரப் பையனுக்கு. நல்ல பிள்ளை. அவன் தாய் நஸீஹா கல்யாண உடைகளுக்குத் தங்க நூல் வேலை செய்கிறவள், கணவனை இழந்து தனியாகப் பிள்ளையை ஆளாக்கியவள். மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். நிச்சயத்தன்று படம் எடுத்தவன் "லல்லா, கொஞ்சம் சிரிங்க" என்று மூன்று தடவை சொன்னான். தான் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று ஷாத்லியா நினைத்தாள்.

நிச்சயத்துக்குப் பின் வரும் முதல் மீலாது அது. அன்று மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் பரிசு கொண்டுவர வேண்டும். பெண்வீட்டார் தங்கள் கையால் அலங்கரித்த கிண்ணத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். மாப்பிள்ளை வரவில்லை என்றால் அந்தச் சம்பந்தம் ஆட்டம் கண்டுவிட்டது என்று ஊர் புரிந்துகொள்ளும். கிண்ணத்தை எப்படியாவது உல்ஃபாவை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் ஷாத்லியா நினைத்திருந்தாள். அப்போதுதான் நஸீஹா போன் செய்தாள்.

"சம்பந்தி, முதல் நாள் காலையில நான் அங்க வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து அலங்காரம் பண்ணுவோம். உங்க நட்சத்திரத்தை எனக்குக் கத்துக் குடுங்க."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மொக்தார் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்ப்பவர். பொறுமையான மனிதர். "மாத்திரையைச் சேத்து வை" என்றார். "அன்னைக்கு மட்டும் முழுசாப் போடு. ரெண்டு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள முடிச்சு அனுப்பிடலாம்."

ஷாத்லியா நாலு நாள் பாதியிலேயே ஓட்டி, அந்த ஒரு காலைக்காக முழு மாத்திரைகளைச் சேர்த்து வைத்தாள். இரண்டு இரவு படுக்கையில் புரள முடியாமல் மரக்கட்டையாகக் கிடந்தாள்.

அந்த நாள் வந்தது. விடியலில் பஜ்ருக்கு எழுந்து தொழுதாள். உல்ஃபா கூழைக் காய்ச்சி இருபத்திரண்டு கிண்ணங்களில் ஊற்றி ஆறவைத்தாள். ஒன்பதரைக்கு ஷாத்லியா பிஸ்மில்லா சொல்லி முழு மாத்திரையை விழுங்கினாள். பத்து மணிக்கு நஸீஹா வருவாள். கணக்கு சரியாக இருந்தது.

ஆனால் அடுப்பில் க்ரீம் இருந்தது. பாலும் முட்டை மஞ்சளும் சேர்த்துக் கிண்டுகிற க்ரீம். அவளுக்கு வாசம் தெரியாது என்பதால் வாயில் வைத்துத்தான் பதம் பார்க்க வேண்டும். ஒரு கரண்டி பார்த்தாள். சர்க்கரை குறைவு என்று பட்டது. போட்டுக் கிண்டி இன்னொரு கரண்டி. பூநீர் விட்டு இன்னொன்று. பாத்திரம் காலியானதும் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து மகள் நீட்டினாள். கிண்டினவருக்குத்தான் அடிப்பாத்திரம், அது அந்த வீட்டு வழக்கம். ஷாத்லியா அதையும் தின்றாள். மாத்திரையோடு பாலும் முட்டையும் கூடாது, மருந்து ஏறாது என்று வைத்தியர் எத்தனையோ தடவை சொன்னதுதான். தினம் காலையில் ஒலிவ எண்ணெயும் ரொட்டியுமாகக் கவனமாக இருப்பவள். மீலாது க்ரீமை ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று யார் நினைப்பார்கள்?

பத்து மணிக்கு நஸீஹா வந்து உட்கார்ந்தாள். மேசையில் பிஸ்தா, பாதாம், பைன் பருப்பு, ஹேசல் கொட்டைப் பொடி, வெள்ளி மிட்டாய். ஷாத்லியா வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு மருந்து ஏறக் காத்திருந்தாள். பத்தேகால் ஆனது. பத்தரை ஆனது. கை இன்னும் உருட்டிக்கொண்டிருந்தது. பேச்சை நீட்டினாள். கடலைப் பற்றிப் பேசினாள், வெயிலைப் பற்றிப் பேசினாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் நஸீஹா.

"உல்ஃபா ஆரம்பிக்கட்டும். நான் சொல்றேன்."

"உல்ஃபா கைய நான் அப்புறம் நெறையப் பாப்பேன். நான் வந்தது உங்க கையப் பாக்க."

வேறு வழியில்லாமல் ஷாத்லியா ஒரு பிஸ்தாவை எடுத்தாள். அது விரலிலிருந்து தெறித்தது. இன்னொன்றை எடுத்தாள். கிண்ணத்தின் விளிம்பில் கை இடித்து, வெள்ளி மிட்டாய்த் தட்டு கவிழ்ந்து, உருண்டைகள் தரையெல்லாம் ஓடின. உல்ஃபா குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். ஷாத்லியா கையை மறுபடி மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

நஸீஹா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"சம்பந்தி, நான் ஒண்ணு கேட்டுடறேன். ஒரு வருஷமா நெஞ்சுல வெச்சிருக்கேன். நாங்க உங்களுக்குப் பிடிக்கலியா?"

"என்ன பேச்சு இது?"

"நிச்சயத்தன்னைக்கு நீங்க ஒரு தடவகூட சிரிக்கல. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. கை குடுக்க வந்தேன், கூடையப் பிடிச்சிட்டு நின்னீங்க. பெருநாளைக்கு வந்தேன், அதே மூஞ்சி. தையக்காரி மகனுக்குப் பொண்ணு குடுக்கிறோமேன்னு உள்ள வருத்தம்போலன்னு என் தங்கச்சி சொன்னா. இப்ப ஒரு பருப்பு வைக்கக்கூட உங்களுக்குக் கை வரல. பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். என் புள்ள ஏமாறக்கூடாது."

எந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்ற ஷாத்லியா இத்தனை பாடுபட்டாளோ, அதை அவள் முகமே ஒரு வருஷமாகக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேசைக்கடியிலிருந்து கையை எடுத்து, பருப்புகளுக்கு நடுவில், நஸீஹாவின் கண்முன்னால் வைத்தாள். கை ஆடியது. கிண்ணங்கள் மெல்லக் கலகலத்தன.

"பாருங்க. எனக்கு பார்க்கின்சன். அஞ்சு வருஷமாச்சு. மூஞ்சித் தசையெல்லாம் இறுகிப் போகுது. உள்ள சிரிக்கிறேன் சம்பந்தி, வெளிய வரமாட்டேங்குது. அல்லாஹ் மேல ஆணையா, உங்க புள்ளைய நான் பெத்த புள்ள மாதிரிதான் நெனக்கிறேன்."

தரையில் உல்ஃபா பொறுக்குவதை நிறுத்தினாள். நஸீஹா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இது ரத்தத்துல வருமா?"

"சில குடும்பத்துல வருமாம். பல பேருக்கு வராதாம். எங்க வீட்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. எங்க மாமா ஒருத்தர் குனிஞ்சு குனிஞ்சு நடப்பாரு, வயசுன்னு விட்டுட்டோம். இல்லன்னு சொன்னா அது இன்னொரு பொய்யாயிடும். ஏற்கெனவே பல்லு வலின்னு ஊரையே ஏமாத்திட்டு இருக்கேன்."

"நிஸாருக்குத் தெரியுமா?"

"சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். தப்பு என்னுது."

நஸீஹா தலையாட்டினாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலங்காரமில்லாமல் கிடந்த கிண்ணங்களைப் பார்த்தாள்.

"இத்தனையும் அப்படியே காஞ்சு போகுமே. என்ன பண்றது?"

ஷாத்லியா யோசித்தாள். பிறகு ஹேசல் பொடியைக் கை நிறைய அள்ளினாள். கிண்ணத்துக்கு மேலே தோளிலிருந்து கையை நீட்டி, ஸலவாத் ஓதிக்கொண்டே மெல்ல வட்டமாக நகர்த்தினாள். நடுங்குகிற கையிலிருந்து பொடி, சல்லடையில் சலித்தது போல, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே சீராக விழுந்தது.

"ம்" என்றாள் நஸீஹா. "நான் விரலால தட்டித் தட்டித் தூவினாலும் திட்டுத் திட்டாத்தான் விழும். உங்களுக்குத் தானா விழுது."

"இந்த வியாதில கெடச்ச ஒரே லாபம் இதுதான்."

உல்ஃபாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. நஸீஹா ஒரு அட்டைத்துண்டை வெட்டி எடுத்தாள். ஷாத்லியா சொல்லச் சொல்ல, அதை நட்சத்திர முனைகளுக்கு அணையாக வைத்து, நஸீஹா பிஸ்தாவை அடுக்கினாள். இருபத்திரண்டு கிண்ணமும் முடிய லுஹர் ஆகிவிட்டது. போகும்போது நஸீஹா தனக்கான கிண்ணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "அதை நாளைக்கு நிஸார் வந்து வாங்கிக்கணும். வழக்கம் அதுதானே" என்றாள். வருவானா என்று ஷாத்லியா கேட்கவில்லை. மறைப்பில்லாமல் எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுப்பது அவர்கள் உரிமை.

ஷாத்லியா லுஹர் தொழுதாள். அன்றைக்கு வியாழன் இல்லை. ஆனாலும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மொக்தாரிடம், "தீஜானிக்கு போன் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்னு சொல்லணும்" என்றாள்.

மொக்தார் அவளைப் பார்த்தார். "நாளைக்கு அவன் வர்றானா இல்லையான்னு பாத்துட்டுப் பேசேன்."

"அவன் வந்தாலும் வராட்டியும் தீஜானிக்கு மாத்திரை வேணும்."

அஸருக்குப் பிறகு முற்றத்தில் நல்ல கூட்டம். கயிற்றில் படங்கள் கடற்காற்றில் ஆடின. தீஜானியின் பஸ்கள் வரிசையாக நின்றன. ஷாத்லியா மைக்குக்கு முன்னால் எழுதி வைத்த தாளைப் பிரித்தாள். தாள் நடுங்கி, அந்தச் சரசரப்பு முற்றம் முழுக்கக் கேட்டது. தாளை மடித்துவிட்டாள்.

"என் கை ஆடுது. பயத்துல இல்ல. என் மூஞ்சி சிரிக்காது. உங்க மேல கோபம் இல்ல. எனக்கு இருக்கிறது பார்க்கின்சன். இந்தப் படம் வரைஞ்ச எல்லாருக்கும் அதுதான். தீஜானி அண்ணன் உங்க எல்லாரையும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டவரு. இப்ப அவருக்கு மாத்திரை நேரத்துக்கு வரல. வந்தா நடப்பாரு, வரலன்னா வாசல்லயே நிப்பாரு. நாங்க கேக்கிறது அவ்வளவுதான். மருந்து வர்ற நாளைச் சொல்லுங்க, அந்த நாள்ல குடுங்க."

மப்ரூக்கா கூட்டத்திலிருந்து, "அப்ப பல்லு?" என்றாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு மப்ரூக்கா. மன்னிச்சுக்கோ."

சிரிப்பு எழுந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வயசாளி, சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்த தன் கையை மெதுவாக வெளியே எடுத்ததை ஷாத்லியா பார்த்தாள். அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மாத்திரை வந்தது. அதன்பிறகும் ஒரு மாதம் தவறியது. அப்போது மருந்தகத்தில் போய்க் கேட்க இருபது பேர் இருந்தார்கள்.

ஆனால் அது பின்னால் நடந்தது. மீலாது காலையில் ஷாத்லியாவின் மனசில் இருந்தது ஒரே கேள்விதான். கிண்ணங்கள் தெருவில் போய்வந்தன. பத்து மணிக்கு மாப்பிள்ளை வரவேண்டும். வரவில்லை. பதினொன்று. உல்ஃபா புதுச்சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மொக்தார் ஒரே பத்திரிகையை மூன்றாம் தடவை படித்தார். மேசையில் நஸீஹாவின் கிண்ணம் தனியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நிஸார் நின்றான், கையில் பரிசுப் பெட்டி. கண் தூங்காத கண்ணாக இருந்தது. அவனுக்குப் பின்னால் நஸீஹா.

"மன்னிச்சுக்கங்க மாமி. ராத்திரி பூரா உக்காந்து பேசினோம். நேரமாயிடுச்சு" என்றான். பிறகு உல்ஃபாவைப் பார்த்து, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் உல்ஃபா.

அவன் பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

நஸீஹா நேராக ஷாத்லியாவிடம் வந்தாள். ஷாத்லியாவின் கையில் இப்போது கூடை இல்லை. ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையை நஸீஹா தன் இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சம்பந்தி, இப்ப நீங்க சிரிக்கிறீங்களா, இல்லையா?"

"சிரிச்சிட்டுதான் இருக்கேன்."

"அப்ப சரி" என்றாள் நஸீஹா. "எங்க என் கிண்ணம்?"